மெர்கோசூர் நாடுகளில் பள்ளி மாறும் பிள்ளைகளுக்கு உள்ள உரிமை

பரானா ஆற்றின் ஒரு கரையில் பராகுவேயின் சியுதாத் தெல் எஸ்தே, மறுகரையில் பிரேசிலின் ஃபோஸ் தோ இகுவாசு. இந்தப் பக்கம் ஸ்பானிஷும் குவாரானியும் பேசுவார்கள், அந்தப் பக்கம் போர்ச்சுகீசியம். வேலை தேடி ஒரு குடும்பம் பாலத்தைத் தாண்டிக் குடியேறினால், பாதிப் படிப்பில் இருக்கும் பிள்ளையின் கதி என்ன?

இதற்காகவே மெர்கோசூர் என்ற தென் அமெரிக்க வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த அர்ஜென்டினா, பிரேசில், பராகுவே, உருகுவே ஆகிய நான்கு நாடுகளும் 1994-இல் புவெனஸ் ஐரிஸில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் படித்த தொடக்க, இடைநிலைக் கல்வியை நான்கு நாடுகளும் ஒன்றுக்கொன்று ஏற்க வேண்டும். படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கியவருக்கு மட்டுமல்ல, பாதியில் வந்தவருக்கும் இது பொருந்தும். இதில் மிக முக்கியமான விதி இதுதான் என்பேன். ஊர் மாறும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பாதியில் வருபவர்கள்தானே.

சரி, எந்த வகுப்பில் சேர்ப்பது? அங்கேதான் சிக்கல். பிரேசிலில் அடிப்படைக் கல்வி 9 ஆண்டு, மேல்நிலை 3 ஆண்டு. அர்ஜென்டினாவிலோ தொடக்கக் கல்வி சில மாகாணங்களில் 6 ஆண்டு, சிலவற்றில் 7. அதனால் எந்த நாட்டின் எந்த வகுப்பு எதற்குச் சமம் என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். பள்ளி அதைப் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

கையில் காகிதமே இல்லாவிட்டால்? பிரேசிலின் 1996 கல்விச் சட்டப்படி, பள்ளியே மாணவரைச் சோதித்துப் பார்த்து வகுப்பை முடிவு செய்யலாம். முந்தைய படிப்புக்கான ஆவணமோ அதன் மொழிபெயர்ப்போ இல்லை என்று புலம்பெயர்ந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அந்நாட்டுத் தேசியக் கல்விக் குழு 2020-இல் விதி வகுத்தது. அர்ஜென்டினா இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே 2004 முதல் நடப்பில் உள்ள குடியேற்றச் சட்டம், குடியிருப்பு அனுமதி இல்லாதவருக்கும் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்கிறது. பெற்றோர் தயங்காமல் கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது.

புது மொழி தெரியாத பிள்ளைக்கு இந்த உடன்படிக்கை வகுப்பைத்தான் தரும், மொழியைக் கற்றுத் தராது. எல்லையோரத்தில் சில பள்ளிகளில் பிரேசிலும் அர்ஜென்டினாவும் 2005 முதல் இருமொழித் திட்டம் ஒன்றை நடத்தின. ஆசிரியர்கள் எல்லை தாண்டிப் போய் அடுத்த நாட்டு வகுப்பில் பாடம் நடத்தினார்கள். அருமையான ஏற்பாடு, ஆனால் எல்லா ஊருக்கும் எட்டவில்லை.

அப்புறம், தொழிற்கல்வி இந்த உடன்படிக்கையில் வராது, அதற்கு வேறு ஒப்பந்தம் உண்டு. பல்கலைக்கழகப் பட்டமும் அப்படித்தான். பட்டங்களுக்கான 1999 ஒப்பந்தத்தை வைத்து அடுத்த நாட்டில் பாடம் நடத்தலாம், ஆய்வு செய்யலாம். மருத்துவராகவோ பொறியாளராகவோ தொழில் செய்ய வேண்டுமானால், போகும் நாட்டின் அங்கீகார நடைமுறையைத் தனியாக முடிக்க வேண்டும்.