முதலீட்டுக்கு முன் கிளவுட் பில்லைக் கேளுங்கள்

கடந்த மாதம் நங்கநல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் என்னைத் தேடி வந்திருந்தார். என் பெரியப்பாவின் நண்பர். அவர் கையில் இருந்த பிளாஸ்டிக் கவருக்குள் வழவழப்பான தாளில் அச்சிட்ட எட்டுப் பக்க விளம்பர ஏடு இருந்தது. செயற்கை நுண்ணறிவு நிறுவனம் ஒன்றின் பங்கு, குறைந்தபட்சம் 5 லட்சம் ரூபாய், மாதம் 3 சதவீதம் உறுதியான வருமானம், பத்து நாளில் சேர்க்கை முடிந்துவிடும் என்று அதில் போட்டிருந்தது. "எஃப்.டி.யை உடைச்சுப் போட்டுடலாமா தம்பி?" என்று கேட்டார்.

சென்னையில், புதிய நிறுவனங்களில் பணம் போடும் துணிகர முதலீட்டு நிதி ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். அவரிடம் முதலில் சொன்னது இதுதான்: பங்கு என்றால் உறுதியான மாத வருமானம் கிடையாது; உறுதியான வருமானம் தருகிறோம் என்றால் அது பங்கின் பெயரில் திரட்டப்படும் வைப்புத்தொகை. 2013 ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 42 ஆம் பிரிவின்படி தனியார் நிறுவனம் ஒன்று ஒரு நிதியாண்டில் அதிகபட்சம் 200 பேருக்குத்தான், அதுவும் பெயர் குறித்துத் தனித்தனியாக, பங்குகளை வழங்க முன்வரலாம். வாட்ஸ்அப் குழுவில் சுற்றி வரும் அழைப்பு அந்தச் சட்டத்துக்குள் அடங்கவே அடங்காது. எங்களைப் போன்ற நிதிகள், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியின் 2012 விதிமுறைகளின்கீழ்ப் பதிவு பெற்றவை. ஒருவர் பொதுவாகக் குறைந்தது 1 கோடி ரூபாய் போட வேண்டும். அப்படிப் போடுகிறவர்களுக்குப் பணம் எட்டு, பத்து ஆண்டுகள் முடங்கிக் கிடக்கும் என்பதும், பத்து நிறுவனங்களில் பெரும்பாலானவை தேறாமல் போக ஒன்றிரண்டுதான் மொத்தத்தையும் தூக்கி நிறுத்தும் என்பதும் தெரியும். ஓய்வூதியக்காரரின் சேமிப்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

செயற்கை நுண்ணறிவில் எனக்கு நம்பிக்கை உண்டு. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு எங்களிடம் வரும் திட்டங்களில் பெரும்பகுதி அதைச் சார்ந்தவையாகவே இருக்கின்றன. அவற்றில் உண்மையான உழைப்பும் இருக்கிறது. ஆனால் தொழில்நுட்பம் உண்மையாக இருப்பதும், அதில் போட்ட பணம் திரும்பி வருவதும் வெவ்வேறு. தரமணியில் டைடல் பார்க் என்ற மென்பொருள் வளாகம் 2000 ஜூலையில் திறக்கப்பட்டது. அதற்கு நான்கு மாதம் முன்புதான் தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு உச்சம் தொட்டுச் சரியத் தொடங்கியிருந்தது. 2002 அக்டோபருக்குள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இழந்தது. இணையம் வளர்ந்தது, பழைய மகாபலிபுரம் சாலையும் வளர்ந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் அதே அளவைக் குறியீட்டில் மீண்டும் பார்க்க 2015 வரை காத்திருந்தார்கள்.

இந்தத் துறையில் நான் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்ப்பது, ஒரு முறை பயன்படுத்த ஆகும் செலவு. வழக்கமான மென்பொருளை ஒரு முறை எழுதிவிட்டால் அடுத்த வாடிக்கையாளருக்காக ஆகும் செலவு சொற்பம். 100 ரூபாய் விற்பனையில் நேரடிச் செலவு போக 70, 80 ரூபாய் மிஞ்சும். சென்னையின் மென்பொருள் நிறுவனங்கள் வளர்ந்தது அந்தக் கணக்கில்தான். செயற்கை நுண்ணறிவிலோ, கேட்கப்படும் ஒவ்வொரு கேள்விக்கும் எங்கோ ஒரு விலையுயர்ந்த சிப் ஓடுகிறது, அதற்கு வாடகை ஏறுகிறது. அந்த வாடகைக்கு வரும் ரசீதுதான் கிளவுட் பில். தமிழில் அது இன்னும் கூடுதல். 'தமிழ்' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது 15 பைட். ஆங்கிலத்தில் அதே பெயர் 5 பைட். சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் மொழி மாதிரிகள் எழுத்தை டோக்கன்களாகத் துண்டாக்கி, டோக்கன் கணக்கில் கட்டணம் வாங்குகின்றன. பெரும்பாலும் ஆங்கிலத்தில் பயின்ற மாதிரிகள் தமிழை அதிகத் துண்டுகளாக உடைக்கின்றன.

சென்ற ஆண்டு இரண்டு இளைஞர்கள் வந்திருந்தார்கள். நோயாளி தமிழில் பேசினால் கிளினிக்கில் முன்பதிவு செய்து தரும் குரல் சேவை. டெமோ மிக நன்றாக இருந்தது. தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் ஒன்பது கிளினிக்குகள் தலா மாதம் 4,000 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தன. கிளவுட் பில்லைத் திறக்கச் சொல்லி, வாடிக்கையாளர் வாரியாகப் பிரித்தோம். கூட்டம் அதிகமான கிளினிக் ஒன்றுக்கு மட்டும் மாதம் 5,300 ரூபாய் செலவாகியிருந்தது. அதாவது, சேவையை நன்றாகப் பயன்படுத்துகிறவரே அதிக நட்டம் தருகிறார். அவர்கள் அதை அதுவரை பிரித்துப் பார்த்ததில்லை. நான்கு மாதம் கழித்து, திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைச் சிறிய மாதிரி ஒன்றுக்கு மாற்றி, அந்த 5,300-ஐ 1,400-க்குக் கொண்டுவந்து காட்டினார்கள். அன்றுதான் பணம் போட முடிவெடுத்தோம்.

செலவு குறைவதும் தனி ஆபத்து. 2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக் நிறுவனம் குறைந்த செலவில் உருவாக்கிய மாதிரி பேசப்பட்டபோது, 27 ஆம் தேதி ஒரே நாளில், இந்தத் துறைக்கான சிப்களை விற்கும் என்விடியாவின் சந்தை மதிப்பு சுமார் 58,900 கோடி டாலர் சரிந்தது. விலை இறங்கினால் நம் நிறுவனத்துக்கு லாபம். அதே விலையில் பக்கத்து நிறுவனமும் அதையே செய்துவிடும். 2023 இல் ஆவணங்களைச் சுருக்கித் தரும் நிறுவனம் ஒன்றில் முதலீடு செய்யச் சொன்னவன் நான். ஓராண்டுக்குள் மாதிரியை வழங்கும் நிறுவனமே அந்த வசதியை இலவசமாகச் சேர்த்துவிட்டது. அவர்களிடம் சொந்தமான தரவோ, விட்டுப்போகாத வாடிக்கையாளரோ இருக்கிறார்களா என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்; இரண்டும் இல்லை. அந்தப் பணம் திரும்பவில்லை. பதினான்கு பேர் வேலை இழந்தார்கள்.

டெமோவை மட்டும் பார்த்து மயங்கவும் கூடாது. 2025 ஏப்ரலில் நியூயார்க்கில் அரசுத் தரப்பு தொடுத்த வழக்கு ஒன்றில், செயற்கை நுண்ணறிவு செய்கிறது என்று சொல்லி 4 கோடி டாலருக்கு மேல் திரட்டிய ஷாப்பிங் செயலியின் வேலையைப் பிலிப்பைன்ஸில் இருந்த ஊழியர்கள் கையால் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதனால்தான் நாங்கள் டெமோ முடிந்ததும், பணம் கட்டும் வாடிக்கையாளர் மூவரிடம் நேரில் பேசுகிறோம்.

நங்கநல்லூர்ப் பெரியவர் எஃப்.டி.யை உடைக்கவில்லை. அவருடைய நடைப்பயிற்சித் தோழர்கள் இருவர் ஏற்கெனவே கட்டிவிட்டதாகச் சொன்னார். அப்படிக் கட்டியவர்கள் கூச்சப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம். ஆன்லைனில் அனுப்பி ஏமாந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வங்கியில் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு. வட்டி ஆசை காட்டி வாங்கிய தொகை என்றால் தமிழ்நாட்டில் 1997 ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். போகும்போது ரசீது, வங்கிக் கணக்கு விவரம், அந்த விளம்பர ஏடு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் அச்செடுத்து எடுத்துச் செல்லுங்கள்; குழுவிலிருந்து வெளியேறும் முன் உரையாடலைச் சேமித்துக்கொள்ளுங்கள்.