புழு எண்ணிக்கை மட்டும் போதுமா? டெங்கு அபாயத்தைக் கணிக்கும் முறை

ஓர் ஊரில் டெங்கு பரவுமா என்று கணிக்க முதலில் தேவைப்படுபவை டார்ச் லைட்டும் குறிப்பேடும்தான். கொசு ஒழிப்புப் பணியாளர் வீடுவீடாகப் போய், சிமென்ட் தொட்டி, டிரம், ஃப்ரிட்ஜின் பின்தட்டு, ஆட்டுக்கல், மொட்டை மாடியில் கிடக்கும் டயர் என நீர் நிற்கும் எதிலும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழு இருக்கிறதா என்று பார்க்கிறார்.

100 வீடுகளில் 240 நீர்க்கலன்களைச் சோதித்ததில், 8 வீடுகளில் 12 கலன்களில் புழு இருந்ததாக வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு எத்தனை வீட்டில் புழு என்று சொல்லும் வீட்டுக் குறியீடு 8, நூற்றுக்கு எத்தனை கலனில் புழு என்று சொல்லும் கலன் குறியீடு 5. நூறு வீட்டுக்கு எத்தனை புழுக்கலன் என்று சொல்லும் பிரெட்டோ குறியீடு 12. வீட்டுக் குறியீடு 5-ஐயோ பிரெட்டோ 20-ஐயோ தாண்டினால் ஆபத்து என்பது நெடுநாள் வழக்கம். இந்த எல்லைகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பு அனுபவம்தான் வேர். டெங்குவுக்கு அப்படியே பொருந்தும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

காரணம் எளிது. மூன்று புழு நெளியும் சிரட்டையும் ஒரு கலன், ஆயிரம் புழு உள்ள தொட்டியும் ஒரு கலன். அதனால் கூட்டுப்புழுக்களை எண்ணி, ஆளுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்ப்பது மேல். புழுப்பருவத்தில் பெரும்பகுதி செத்துவிடும். கூட்டுப்புழு ஆனவை பெரும்பாலும் இரண்டே நாளில் கொசுவாகிப் பறக்கும். பூட்டிய வீடுகள் இன்னொரு ஓட்டை. நூற்றில் இருபது பூட்டியிருந்தால் 80-ஆல்தான் வகுக்க வேண்டும். அந்த இருபதுக்கும் மறுபடி போயே ஆகவேண்டும். ஆளில்லாத வீட்டுத் தொட்டியை மூடி வைப்பவர் யார்?

கொசு குறைந்தாலே நோய் குறைந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. சிங்கப்பூரில் 1966-இல் 48 ஆக இருந்த வீட்டுக் குறியீடு பிறகு 2 அளவுக்கு இறங்கியது. ஆனாலும் 1990-களில் டெங்கு திரும்பி வந்தது. 2005-இல் சுமார் 14,000 பேருக்கு நோய் கண்டது. பல ஆண்டுகள் தொற்றே இல்லாததால் எதிர்ப்பாற்றல் இல்லாத தலைமுறை வளர்ந்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் சில கொசுக்களே போதும். வீட்டுக்கு வெளியே, வேலையிடத்திலும் பள்ளியிலும் கடி வாங்கியதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் மற்ற வகைகளுக்கு நீடித்த பாதுகாப்பு கிடைக்காது. 2013-இல் சிங்கப்பூரில் 2-ஆம் வகையின் இடத்தை 1-ஆம் வகை பிடித்தது. அந்த ஆண்டு 22,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். எனவே எந்த வகை தலைதூக்குகிறது என்ற ஆய்வக முடிவு, புழுக் கணக்குக்குச் சற்றும் குறைந்ததல்ல.

நோயாளிகளின் எண்ணிக்கையையும் அப்படியே நம்பக்கூடாது. பரிசோதனை கூடினால் எண்ணிக்கையும் கூடும். நூறு மாதிரிகளில் எத்தனை பாசிட்டிவ் என்பதைப் பார்த்து, கடந்த ஐந்தாண்டுகளின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை, அதன்பின் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் எலிசா. ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்குவதால், பழைய தொற்றும் புதிதுபோலக் கணக்கில் ஏறிவிடும்.

அடுத்தது, எதைச் செய்வது? குடிநீரில் புழுக்கொல்லி மருந்தான அபேட் லிட்டருக்கு 1 மில்லிகிராம். 1 சதவீத மணல் குருணை என்றால் 1,000 லிட்டருக்கு 100 கிராம். இது இரை தின்னும் புழுவைக் கொல்லும். எதுவும் தின்னாத கூட்டுப்புழுவை அவ்வளவாகத் தொடாது. கூட்டுப்புழு தெரிந்தால் தொட்டியைக் காலி செய்து, சுவரைத் தேய்த்துக் கழுவுவதே வழி. தேய்க்காவிட்டால் ஒட்டியிருக்கும் முட்டைகள் பல மாதம் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தெருவில் அடிக்கும் புகை, கட்டிலடியிலும் அலமாரிக்குப் பின்னும் ஒண்டியிருக்கும் ஏடிஸை எட்டுவது அபூர்வம். பார்வைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவே. புகை வீட்டுக்குள் போக வேண்டும்.

நேரம்தான் எல்லாவற்றிலும் இறுக்கமானது. நோயாளியைக் கடித்த கொசு, நோயைப் பரப்பும் நிலைக்கு வர 8 முதல் 12 நாள் ஆகும். காய்ச்சலின் முதல் நாளே கொசு கடித்து, ஐந்தாம் நாள் ரத்தம் எடுத்து, ஏழாம் நாள் முடிவு வந்தால், மிஞ்சுவது ஒன்றிலிருந்து ஐந்து நாள். ஏடிஸ் பொதுவாக 400 மீட்டருக்கு மேல் பறக்காது. எனவே அந்த நாட்களுக்குள் அந்த வட்டத்தில் உள்ள வீடுகளில் பறக்கும் கொசுவைக் கொல்ல வேண்டும், தொட்டிகளைத் தேய்க்க வேண்டும், வேறு யாருக்குக் காய்ச்சல் என்று விசாரிக்க வேண்டும். நோயாளி பகலிலும் வலைக்குள் படுக்க வேண்டும்.