பெரிய பசங்களுக்கு எந்த ஆப் போடணும்? ஒரு ஸ்பீச் தெரபிஸ்டோட பதில்

ஆறாவதுக்கு மேல படிக்கற பசங்களைக் கூட்டிட்டு வர்ற அம்மா அப்பா பெரும்பாலும் முதல் நாளே கேட்டுடுவாங்க, "மேடம், டேப் வாங்கியாச்சு, என்ன ஆப் டவுன்லோட் பண்ணணும்?"னு. நான் சொல்ற பதில் நிறைய பேருக்கு ஏமாத்தமா இருக்கும். கேமரா, வாய்ஸ் ரெக்கார்டர், கீபோர்டுல இருக்கற அந்த மைக் பட்டன், இந்த மூணும் ஏற்கனவே உங்க டேப்ல இருக்கு, அது போதும், காசு கட்டி எதுவும் வாங்க வேணாம்.

முதல்ல யாரைப் பத்திப் பேசறேன்னு சொல்லிடறேன். காது நல்லா கேக்குது, புத்தியும் நல்லா இருக்கு, வீட்டுல பேச ஆளும் இருக்கு, ஆனாலும் மொழி மட்டும் வயசுக்கு ஏத்த மாதிரி வரல, அந்த மாதிரி பசங்க. இதுக்கு டெவலப்மெண்டல் லாங்குவேஜ் டிஸார்டர்னு பேரு, சுருக்கமா டிஎல்டி. அமெரிக்காலயும் இங்கிலாந்துலயும் ஸ்கூல் சேர்ற வயசுக் குழந்தைகளை வெச்சு எடுத்த கணக்குல 100 பேருக்கு சுமார் 7 பேர் வர்றாங்க. இங்கிலீஷ் பேசற நாடுகள்ல இருக்கற நிபுணர்கள் கூடிப் பேசி இந்தப் பேருக்கு ஒத்துக்கிட்டது வெளியானதே 2017ல தான், அதனால நம்ம டீச்சருக்குத் தெரியலன்னு அவங்களைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல. உச்சரிப்பு பெரும்பாலும் தெளிவாவே இருக்கும், அதான் யாருக்கும் சந்தேகம் வராது, "சோம்பேறி", "கவனமே இல்ல"ன்னு முத்திரை குத்திடுவாங்க.

இப்ப ஆப் விஷயத்துக்கு வரேன். கடைல, ஐ மீன் ஆப் ஸ்டோர்ல, கிடைக்கற லாங்குவேஜ் ஆப்ல முக்கால்வாசி குவிஸ் தான். நாலு பதில் காட்டும், ஒண்ணைத் தொடணும், சரின்னா ஒரு கிளி வந்து கை தட்டும். பதினாலு வயசுப் பையனுக்குக் கிளி கை தட்டினா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க, பக்கத்துல தங்கச்சி வேற நின்னு சிரிக்கும். அதை விடுங்க, பெரிய சிக்கல் என்னன்னா அவன் ஒரு வார்த்தை கூட பேசாமலே நூத்துக்கு தொண்ணூறு வாங்கிடுவான், ரெண்டு தப்பான பதிலைக் கழிச்சுட்டா மிச்சம் குருட்டாம்போக்குல கூட வந்துடும். பதிலைப் பாத்துக் கண்டுபிடிக்கறது வேற, தானா வார்த்தை தேடி ஒரு வாக்கியம் கட்டறது வேற, இவனுக்கு வராதது ரெண்டாவது தான். அதுல வர்ற படமும் பேஸ்பால், பனிமனிதன்னு இருக்கும், நம்ம ஊர்ப் பையன் படத்துலயே மாட்டிக்குவான்.

கம்ப்யூட்டர் புரோகிராம் போட்டா மொழி தானா ஏறும்னு நம்பறவங்களுக்கு ஒரு தகவல். 2008ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, 216 பிள்ளைகளை நாலு குரூப்பாப் பிரிச்சு ஒரு குரூப்புக்கு அப்ப ரொம்பப் பேசப்பட்ட ஃபாஸ்ட் ஃபார்வேர்ட்ங்கற கம்ப்யூட்டர் புரோகிராம், இன்னொண்ணுக்கு வேற கம்ப்யூட்டர் பயிற்சி, மூணாவதுக்கு தெரபிஸ்ட் நேர்ல உக்காந்து தெரபி, நாலாவதுக்கு சும்மா பாடம் சம்பந்தப்பட்ட கம்ப்யூட்டர் கேம். நாலு குரூப்புமே கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத் தான் முன்னேறினாங்க. அந்த விலை உயர்ந்த புரோகிராமுக்குன்னு தனியா ஒரு மந்திரமும் இல்ல.

சரி, நான் என்ன பண்றேன்? அறிவியல் புத்தகத்துல ஒரு பக்கத்தை ஃபோட்டோ எடுக்கச் சொல்லுவேன். "தாவரங்கள் சூரிய ஒளியின் உதவியால் கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் பயன்படுத்தித் தமக்குத் தேவையான உணவைத் தயாரிக்கும் நிகழ்வு ஒளிச்சேர்க்கை எனப்படும்", இந்த மாதிரி ஒரு வாக்கியம் இருக்கும்ல, இதுல என்ன நடக்குதுன்னு தெரிய கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் காத்திருக்கணும், அதுக்குள்ள முன்னாடி வந்த எல்லாத்தையும் மனசுல பிடிச்சு வெச்சிருக்கணும், நம்ம பையன் கார்பன்லயே கழண்டுடுவான். ஃபோட்டோ மேல விரலால கலர் அடிப்போம், செய்யறது யாரு ஒரு கலர், என்ன செய்யுது இன்னொரு கலர். அப்புறம் அதை நாலு குட்டி வாக்கியமா உடைச்சு அவன் வாயால சொல்லி ரெக்கார்ட் பண்ணணும். செடி வெயில எடுத்துக்குது, காத்தும் தண்ணியும் எடுத்துக்குது, சாப்பாடு செய்யுது, இதுக்குப் பேரு ஒளிச்சேர்க்கை, இப்படி. அடுத்த செஷன்ல அதே நாலையும் அவனே திரும்ப ஒட்டி ஒரே வாக்கியமா ஆக்கணும், உண்மையான தெரபி இந்த ஒட்டற இடத்துல தான் இருக்கு.

வீடியோவும் அப்படித் தான். சைக்கிள் செயின் மாட்டறது எப்படி, ஃப்ரீ ஃபயர்ல ஜெயிக்கறது எப்படி, எது பிடிக்குமோ அதைத் தெரியாதவங்களுக்குச் சொல்ற மாதிரி சொல்லச் சொல்லுவேன். முதல் டேக்ல "அது இருக்குல்ல, அதை இப்படிப் பண்ணி, அப்புறம் அவன் வந்து"ன்னு தான் வரும், எது, யாரு, ஒண்ணும் புரியாது. நான் எதையும் திருத்த மாட்டேன், ப்ளே பண்ணி அவனையே பாக்க விடுவேன். பெரிய பசங்களுக்குத் தன் பேச்சைத் தானே கேட்டுக் குறை கண்டுபிடிக்கற வயசு வந்துடுச்சு, சின்னப் பிள்ளைங்ககிட்ட இது அவ்வளவு சுலபமா நடக்காது. ரெண்டாவது டேக்ல "அது" பாதி குறைஞ்சிடும்.

எழுத மறுக்கற பசங்களுக்கு மைக் பட்டன். பேசினதைத் தமிழ்லயே டைப் பண்ணும், "மழ வந்துச்சு பசங்க ஓடிட்டாங்க"ன்னு வந்ததைப் பரீட்சைத் தமிழுக்கு மாத்தற வேலை மட்டும் மிச்சம். உச்சரிப்புலயும் பிரச்சனை இருக்கற பிள்ளைக்கு இது வேணாம், தப்புத் தப்பா எழுதிக் கடுப்பேத்தும்.

பேச்சே வராத, இல்ல ரொம்பக் கம்மியா வர்ற பிள்ளைங்க கதை முழுக்க வேற. அவங்களுக்கு சென்னைல உருவான ஆவாஸ் மாதிரி படத்தைத் தொட்டா பேசற ஆப் இருக்கு, அந்த டேப் தான் அவங்க குரல். ஸ்க்ரீன் டைம் முடிஞ்சுதுன்னு அதைப் பிடுங்கி அலமாரில வெக்கறது வாயைப் பொத்தற மாதிரி, தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

மத்தவங்களுக்கு, டேப்பைக் கைல குடுக்கறதுக்கு முன்னாடி ஐபேட்ல கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டுல ஆப் பின்னிங், அதாவது ஒரே ஆப்லயே நிக்க வெக்கற செட்டிங்கை ஆன் பண்ணிடுங்க, இல்லன்னா பத்தாவது நிமிஷம் யூடியூப்ல இருப்பான். டேப் இல்லாதவங்க இதுக்குன்னு கடன் வாங்க வேணாம், உங்க ஃபோனே போதும். ராத்திரி மேட்ச் பாத்துட்டு என்ன ஆச்சுன்னு ஊர்ல இருக்கற தாத்தாவுக்கு ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்பச் சொல்லுங்க, புரியலன்னா தாத்தா திருப்பிக் கேப்பாரு, எந்த ஆப்பும் அப்படிக் கேக்காது. இதெல்லாம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை காது டெஸ்ட் எடுத்துடுங்க, தெரபிஸ்டுக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கான்னும் கேளுங்க, கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

அப்புறம் அந்த வீடியோக்கள். எடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்டயும் பையன்கிட்டயும் தெரபிஸ்ட் சம்மதம் கேக்கணும், எவ்வளவு நாள் வெச்சிருப்பாங்க, எப்ப அழிப்பாங்கன்னு சொல்லணும். நீங்களும் "என் பையன் எப்படிப் பேசறான் பாருங்க"ன்னு பெருமையா ஃபேமிலி குரூப்ல போட்டுடாதீங்க, ஒரு அத்தை சிரிக்கற எமோஜி போட்டா போதும், அடுத்த வாரம் அவன் கேமரா முன்னாடி வாயே திறக்க மாட்டான்.