செலிபிரிட்டி: கூட்டத்திலிருந்து வந்த சொல்

செலிபிரிட்டி என்றால் என்ன என்று வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இன்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடைத் திறப்பு விழாவுக்குச் சின்னத்திரை நடிகை வந்தாலும் செலிபிரிட்டிதான், ரீல்ஸ் போடுகிற பையன் வந்தாலும் செலிபிரிட்டிதான். ‘செலிபிரிட்டி வர்றாங்களாம்’ என்ற பேச்சு காதில் விழுந்தால் போதும், கல்யாணப் புடவை எடுக்க வந்த குடும்பம்கூடப் பைகளோடு நின்று பார்த்துவிட்டுத்தான் நகரும். வந்தவர் எதைச் செய்து பேர் வாங்கினார் என்று கேட்டால், நிற்பவர்களில் பலருக்குச் சொல்லத் தெரியாது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சொல்லின் பிறப்பே அப்படி.

வேர்ச்சொல் லத்தீன் மொழியின் ‘கெலெபெர்’. ஆள் நடமாட்டம் மிகுந்த, கூட்டம் நிறைந்த என்பது பொருள். சந்தை, சாலை போன்ற இடங்களுக்கு அடைமொழியாக வந்த சொல் அது. விடியற்காலைக் காசிமேட்டு ஏலக்கூடத்தை ஒரு ரோமானியர் பார்த்திருந்தால் ‘கெலெபெர்’ என்றுதான் சொல்லியிருப்பார். அதற்கு எதிர்ச்சொல் ‘தேசெர்துஸ்’, ஆளற்றுக் கைவிடப்பட்ட இடம். கூட்டம் கூடும் இடம் பேர்பெற்ற இடமாகவும் இருப்பதால், அதிலிருந்து வந்த ‘கெலெப்ரிதாஸ்’ என்ற பெயர்ச்சொல் திரளையும் குறித்தது, புகழையும் குறித்தது. கூடி விழா எடுப்பதைச் சொல்லும் ‘செலிபிரேட்’டும் இதே வேரில் முளைத்ததுதான்.

ஆங்கிலத்துக்கு 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தபோது அதற்குச் சடங்கு, விழா என்றே பொருள். 1600ஐ ஒட்டி ‘பேர் பரவிய நிலை’ என்ற பொருள் ஏறியது. ஓர் ஆளையே செலிபிரிட்டி என்று அழைப்பது 19ஆம் நூற்றாண்டில்தான் வழக்கத்துக்கு வந்தது. தமிழ் இலக்கணத்தில் இதைப் பண்பாகுபெயர் என்போம்: பண்பின் பெயர் அதை உடையவருக்கு ஆகி வருவது. அமெரிக்க வரலாற்றாசிரியர் டேனியல் பூர்ஸ்டின் 1961இல் இந்தச் சொல்லுக்குத் தந்த வரையறை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: பலரும் அறிந்திருக்கிறார்கள் என்பதற்காகவே அறியப்படுபவர்.

இந்தச் சொல்லின் இரண்டு முனைகளையும் வடசென்னை கண்ணாலேயே பார்த்திருக்கிறது. பிராட்வே என்று இன்றும் நாம் சொல்கிற பிரகாசம் சாலையில் இருந்த பிராட்வே தியேட்டரில், 1944 தீபாவளிக்கு எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த ‘ஹரிதாஸ்’ வெளியானது. ஒரே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். அவர் தலைமுடியைப் பார்த்து ஊரெல்லாம் ‘பாகவதர் கிராப்பு’ வளர்த்த காலம். படம் வந்த சில வாரங்களுக்குள், நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதி விற்ற மஞ்சள் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் பாகவதர் கைதானார். 1945இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோது, அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் அவருடைய படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நாயகன் சிறையில் இருக்க, சனம் டிக்கெட் வாங்க வரிசையில் நின்றது. மேல்முறையீடு, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் அவர் குற்றமற்றவர் என்று விடுதலையானார். குரல் இருந்தது. கூட்டம் மட்டும் பழையபடி வரவில்லை. 1959இல் அவர் இறக்கும்வரை அந்த உயரம் திரும்பக் கிடைக்கவே இல்லை. ‘கெலெபெர்’ என்ற நிலையிலிருந்து ‘தேசெர்துஸ்’ என்ற நிலைக்கு ஒரு மனிதர் மூன்றே ஆண்டுகளில் வந்துவிட்டார். கூட்டம் கொடுத்த பேரைக் கூட்டமே எடுத்துக்கொள்ளும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரலாறு எனக்குத் தெரிந்து தமிழ்த் திரையில் இல்லை.

இங்கே ‘மாஸ்’ என்ற சொல்லையும் பார்த்துவிட வேண்டும். ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் ‘செம மாஸ்’, ‘மாஸ் என்ட்ரி’ என்று சொல்லாத இளைஞர் இல்லை. லத்தீனில் ‘மாஸா’ என்றால் பிசைந்த மாவுத் திரள். ஆங்கிலத்தில் அது மக்கள் திரளாகி, தமிழ்த் தெருவுக்கு வந்தபோது அந்தத் திரளை ஈர்ப்பவரின் கெத்தாக மாறிவிட்டது. கூட்டத்தைக் குறித்த சொல் கூட்டத்தின் நடுவில் நிற்பவருக்கு உரியதாக ஆனது. செலிபிரிட்டி பல நூற்றாண்டுகளில் நடந்த அதே பாதையை, மாஸ் நம் கண்முன்னே சில பத்தாண்டுகளில் நடந்து முடித்திருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

பத்திரிகைகள் ‘பிரபலம்’ என்று எழுதுகின்றன. வடமொழியில் பிரபலம் என்றால் மிகுந்த வலிமை. தமிழில்தான் அது பேர்பெற்ற நிலையைக் குறிக்கத் தொடங்கியது. ‘பிரபலங்கள் வருகை’ என்ற தலைப்பில் வருவது மனிதர்கள், ஈறு மட்டும் அஃறிணைப் பன்மை. எனக்கு உறுத்துவது அந்த ஈறுதான்.

‘புகழாளர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். அழகான சொல், ஆனால் இந்த இடத்துக்குப் பெரிய சொல். குறளில் புகழ் அதிகாரம் ஈகைக்கு அடுத்தபடியாக வருகிறது. ‘ஈதல் இசைபட வாழ்தல்’ என்றுதான் அது தொடங்குகிறது. கொடுத்தவருக்கு, செய்தவருக்கு வருவது புகழ். வியாசர்பாடியில் வளர்ந்து 2008இல் கேரம் உலக வாகையர் ஆன இளவழகிக்கு இருப்பது புகழ். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமாவுக்கு இருப்பதும் புகழ். நம் தெருமுனைக் கேரம் பலகைகளிலிருந்து எழுந்த பேர் இது. கடை திறக்க வருகிறவருக்கும் இதே சொல்லைக் கொடுத்தால், இவர்களைச் சொல்ல நம்மிடம் வேறு சொல் மிஞ்சாது.

கூட்டத்தால் வரும் பேருக்குப் பொருத்தமான சொல்லை ஏழுகிணற்றுக்காரர் ஒருவர் எப்போதோ எழுதி வைத்துவிட்டார். அங்கே வீராசாமித் தெருவில் வாழ்ந்து கந்தகோட்டத்து முருகனைப் பாடிய வள்ளலார், பிறகு சென்னையை விட்டுப் போனார். 1867இல் திருவருட்பா அச்சேறியது. அதற்கு முந்தைய கடிதம் ஒன்றில், தம்மை ‘இராமலிங்கசாமி’ என்று வழங்குவது தமக்குச் சம்மதமில்லை, அது ‘ஆரவாரத்திற்கு அடுத்த பெயராக’த் தோன்றுகிறது என்று எழுதினார். ஆரவாரம் என்பது திரண்டவர்கள் எழுப்பும் பேரொலி, அதோடு சேர்ந்த பகட்டும்கூட. லத்தீன் வேரில் இருக்கிற கூட்டமும் விழாவும் இந்த ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் இருக்கின்றன.

ஆகவே என் பரிந்துரை இது. ஆளைக் குறிக்க ‘நாடறிந்தவர்’, பன்மையில் ‘நாடறிந்தவர்கள்’. நல்லவர் கெட்டவர் என்று எடை போடாமல், அறியப்பட்டிருக்கிறார் என்பதை மட்டும் சொல்லும், உயர்திணையிலும் நிற்கும். அந்த நிலையைக் குறிக்க ‘ஆரவாரப் பேர்’. செலிபிரிட்டி கல்ச்சர் என்பதற்கு ‘ஆரவாரப் பண்பாடு’. பேச்சில் ‘பேர் போனவர்’ என்பதும் சரியே, நல்லதுக்கும் கெட்டதுக்கும் அது ஒன்றுபோல் பொருந்தும்.

ஃபேன் என்பதற்கு மட்டும் மாற்றம் தேவையில்லை. ஆங்கிலத்தில் அது கோயில் வெறியைக் குறித்த லத்தீன் சொல்லின் வழிவந்தது. நாம் வைத்திருக்கும் ‘ரசிகர்’ சுவைத்து அறிபவர். கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற தம்பிகள் இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இன்னொரு கூட்டுச்சொல்லுக்கும் தமிழ் அவசரமாகத் தேவை: செலிபிரிட்டி எண்டார்ஸ்மெண்ட். ‘நாடறிந்தவர் பரிந்துரை’ என்று சொல்லலாம். நகைச்சீட்டு, முகப்பூச்சு என்று நம் வீட்டுப் பணம் போகிற வழிகள் பலவற்றில் இப்படி ஒரு முகம் நிற்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றிப் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. மீண்டும் செய்தால் அது 50 லட்சம் வரை போகும். பரிந்துரை செய்யவே ஓராண்டு வரை தடை விதிக்கலாம், மறுமுறை என்றால் மூன்றாண்டு வரை. பொருளைப் பற்றி உரிய அளவு விசாரித்த பிறகே பேசினேன் என்று காட்டினால் மட்டும் அவர் தப்பலாம். ‘பரிந்துரை’ என்று தமிழில் சொல்லும்போது அந்தப் பொறுப்பு சொல்லிலேயே தெரிகிறது.