சாணையும் முதலுதவியும் ஒரே கையில்

கனடாவின் ஜூனியர் ஐஸ் ஹொக்கியில் விளையாடுபவர்கள் பெரும்பாலும் 16 முதல் 20 வயதுப் பையன்கள். ஒன்ராறியோ, மேற்குக் கனடா, கியூபெக் என்று மூன்று பெரிய லீக்குகள் உச்சியில் இருக்கின்றன. அங்கே காயத்தைப் பார்க்க ஒருவர், உபகரணங்களைப் பார்க்க இன்னொருவர் என்று பொதுவாக ஆள் பிரித்திருப்பார்கள். அதற்குக் கீழே, சிறு நகரங்களின் அணிகளில் பணம் அவ்வளவு புழங்குவதில்லை. அத்லெட்டிக் தெரபிஸ்டாகச் சேர்பவரிடமே ஸ்கேட் அலகைத் தீட்டும் சாணை இயந்திரத்தையும் சலவை அறையையும் ஒப்படைத்துவிடுகிறார்கள். நான் அப்படிச் சேர்ந்தவன்.

உறவினர்கள் என்னை பிசியோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாதி சரி. ஆறிவரும் காயத்துக்குப் பயிற்சி கொடுப்பதும் எங்கள் வேலைதான். ஆனால் ஐஸில் ஒருவன் விழுந்த அந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எங்கள் படிப்பின் மையம். மீதி நேரமெல்லாம் கழன்ற ரிவெட்டு, தளர்ந்த ஹெல்மெட் திருகு, மட்டைக் கணக்கு, டேப், துண்டு, தண்ணீர்ப் போத்தல். வெளியூர் ஆட்டம் முடிந்து நள்ளிரவுக்குப் பின் பஸ் திரும்பியதும் பையன்கள் தாங்கள் தங்கியிருக்கும் வீடுகளுக்குப் போய்விடுவார்கள். பெரும்பாலும் அது சொந்த வீடல்ல. அணி ஏற்பாடு செய்த, அவர்களுக்கு இடமும் சாப்பாடும் கொடுக்கும் ஓர் உள்ளூர்க் குடும்பத்தின் வீடு. அதன்பின் நான் ஈரப் பைகளைத் திறந்து ஒவ்வொன்றாகக் காயப் போடுவேன். அந்த வாடையை வருணிக்காமல் விடுகிறேன். காயாத கையுறைக்குள் வளரும் கிருமிகள் தோலில் ஒரு சிறு கீறல் கிடைத்தால் போதும், கொப்புளமாகக் கிளம்பும். போத்தலும் அப்படித்தான்: 2014ஆம் ஆண்டு வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். அணிகளில் புட்டாளம்மை பரவி, சிட்னி கிராஸ்பி போன்ற நட்சத்திரமே தாடை வீங்கி நின்றார். அதனால் எங்கள் போத்தல்களில் வாய் வைத்துக் குடிக்க யாரையும் விடுவதில்லை. அன்று கோல் போட்டவனையும் விடுவதில்லை.

இரண்டு வேலையும் ஒருவனிடம் இருப்பதில் ஒரு பெரிய லாபம் உண்டு. பதினேழு வயதுப் பையன் வலியைச் சொல்லமாட்டான். அரங்கின் மேல்வரிசையில் பெரிய அணிகளுக்கு ஆள் தேடும் தேர்வாளர் ஒருவர் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருக்கும் இரவில் நிச்சயமாகச் சொல்லமாட்டான். அவன் சாமான்கள் சொல்லிவிடும்.

ஸ்கேட்டின் அலகு ஒற்றை விளிம்புள்ள கத்தி அல்ல. சாணைச் சக்கரம் அதன் நடுவில் நீளவாக்கில் ஒரு குழிவைச் செதுக்கும். குழிவின் இரு கரைகளும்தான் ஐஸைப் பிடிக்கும் விளிம்புகள். அந்தக் குழிவின் வளைவு ஆரம் அரை அங்குலம் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் அளவு. ஆரம் குறையக் குறையக் குழி ஆழமாகும், பிடிப்பு கூடும். அதிகரித்தால் வழுக்கல் கூடும். பிடிப்பு கூடினால் நிற்கும்போதும் திரும்பும்போதும் கவட்டுத் தசையில் இழுவையும் கூடும். மாதக்கணக்கில் ஒரே அளவில் ஓடிய பையன் திடீரென்று வந்து, “கொஞ்சம் குறைவாகச் சாணை பிடியுங்கள்” என்றால், நான் அவனுடைய ஸ்கேட்டை வாங்கி வைத்துவிட்டு முதலில் அவனைச் சிகிச்சை மேசையில் படுக்கச் சொல்வேன். மேல் துளையில் நாடா கட்டாமல் விடுகிறவனுக்குக் கணுக்காலில் ஏதோ இருக்கும். மட்டையை இரண்டு அங்குலம் வெட்டித் தரச் சொல்பவனின் தோளைப் பார்க்க வேண்டும். ஹெல்மெட்டைக் கழுவும்போது உள்நுரையில் புதிதாக ஓர் அமுங்கல் தெரிந்தால், நேற்றைய ஆட்டத்தின் காணொளியை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

சாமான்களை அவர்கள் என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதும் அப்போதுதான் தெரியும். மட்டையின் தொடுஉணர்வு வேண்டும் என்று கையுறையின் உள்ளங்கையை வெட்டிவிடுவார்கள். கழுத்துக் காப்பைத் தளர்த்திச் சட்டைக்குள் தள்ளிவிடுவார்கள். தாடை நாடாவை இரண்டு விரல் அல்ல, ஒரு கையே நுழையும் அளவுக்குத் தொங்கவிடுவார்கள். அதுதான் ஸ்டைலாம். 2008 டிசம்பரில் ஒன்ராறியோவில் ஒரு சீனியர் ஆட்டத்தில் டான் சாண்டர்சன் என்ற 21 வயது வீரர் சண்டையின்போது ஹெல்மெட் கழன்று, தலை நேராக ஐஸில் மோத விழுந்தார். சில வாரங்கள் நினைவு திரும்பாமல் கிடந்து 2009 ஜனவரி 2ஆம் தேதி இறந்தார். யோர்க் பல்கலைக்கழக மாணவர். ஆட்டத்துக்கு முன் வரிசையாக ஒவ்வொருவன் தாடையின் கீழும் விரல் விட்டுப் பார்ப்பதைப் பையன்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

கழுத்துக் காப்பு விஷயத்தில் எனக்குப் பொறுமை இன்னும் குறைவு. 1989 மார்ச் 22 அன்று பஃபலோ அணியின் கோல்காப்பாளர் கிளின்ட் மலார்ச்சக்கின் கழுத்துச் சிரையை ஒரு ஸ்கேட் அலகு அறுத்தது. அவர் உயிர் பிழைத்ததற்குக் காரணம் அணியின் அத்லெட்டிக் டிரெய்னர் ஜிம் பிட்சுடெல்லி. வியட்நாம் போரில் படை மருத்துவ உதவியாளராக இருந்தவர். ஓடிவந்து காயத்துக்குள் விரல்களை வைத்து அழுத்தி, மருத்துவர்கள் பொறுப்பேற்கும்வரை விடவில்லை. 2023 அக்டோபர் 28 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆட்டத்தின் நடுவே அடம் ஜான்சன் என்ற வீரருக்குக் கழுத்து அறுபட்டபோது காப்பாற்ற முடியவில்லை. ஒன்ராறியோ, கியூபெக் ஜூனியர் லீக்குகளில் கழுத்துக் காப்பு அதற்கு முன்பே கட்டாயம். மேற்குக் கனடா லீக் அந்த மரணத்துக்குப் பிறகுதான் கட்டாயமாக்கியது. இது துணிதானே என்று கேட்கும் பெற்றோருக்கு: அலகு எதிர்ப்புச் சோதனையில் தேறியதற்கான முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெட்டியோ தைத்தோ மாற்றிய காப்பு அந்தச் சோதனைக்கு உட்பட்ட காப்பு அல்ல.

இனி லாபத்தின் மறுபக்கம். இரண்டாம் பகுதி ஆட்டம், எதிரணியில் ஒருவன் தண்டனைப் பெட்டியில். எங்கள் முன்னணி வீரனின் ஸ்கேட் அலகு உடைந்து கழல்கிறது, பயிற்சியாளர் கத்துகிறார். அதே கணத்தில் பலகைச் சுவரில் மோதுண்ட இன்னொருவன் பெஞ்சுக்கு வந்து, ஒன்றுமில்லை என்கிறான். ஆனால் தவறான கதவை நோக்கி நடக்கிறான். எனக்கு இருப்பது இரண்டு கை. யாரிடம் போவது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பயிற்சியாளருக்கும் அந்தச் சந்தேகம் வரக்கூடாது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகித்தால் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது. உடைமாற்றும் அறையின் அமைதியில் SCAT6 என்ற மூளை அதிர்ச்சி மதிப்பீட்டைச் சரியாகச் செய்யவே குறைந்தது பத்துப் பதினைந்து நிமிடம் வேண்டும்: சொற்களை நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்லுதல், மாதங்களைத் தலைகீழாகச் சொல்லுதல், சமநிலை. மதிப்பெண் நன்றாக இருந்தாலும் சந்தேகம் தீர்ந்துவிடாது. அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வரலாம்; அதனால் பஸ்ஸில் விளக்கை அணைக்கச் சொல்பவனை, பாட்டு வேண்டாம் என்பவனை நான் கவனிப்பேன்.

மூளை அதிர்ச்சி என்று சந்தேகித்தால் ஆட்டத்திலிருந்து விலக்குவது ஒன்ராறியோவில் சட்டமாகவே இருக்கிறது. ஒட்டாவாவைச் சேர்ந்த ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பெண் 2013இல் ரக்பி ஆடும்போது, முந்தைய அடி ஆறுமுன் மீண்டும் அடிபட்டு இறந்தார். தனக்கு மூளை அதிர்ச்சியாக இருக்கலாம் என்று தோழிகளுக்குக் குறுஞ்செய்தியில் சொல்லியிருந்தார். பெரியவர்கள் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவர் பெயரிலான சட்டம் 2018இல் நிறைவேறியது. அதன்படி வீரர்களும், 18 வயதுக்குட்பட்டவர்களின் பெற்றோரும் ஆண்டுதோறும் மூளை அதிர்ச்சி பற்றிய குறிப்புகளைப் படித்ததாக உறுதி தர வேண்டும். படிக்காமல் கையெழுத்திடும் பெற்றோரை நான் நிறையப் பார்க்கிறேன். மீண்டும் விளையாடுவதற்கு ஆறு படிகள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம். உடல் மோதலுள்ள பயிற்சிக்கு முன் மருத்துவரின் அனுமதி. அரையிறுதி வருகிறது என்பதற்காக 24 மணி நேரம் சுருங்காது.

ஆகவே அணி நிர்வாகங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. வாரம் முழுவதும் ஒருவரே இரண்டையும் பார்க்கட்டும், பரவாயில்லை. ஆட்டம் நடக்கும் மூன்று மணி நேரம் மட்டும் ஸ்கேட்டுக்கும் மட்டைக்கும் இன்னொருவர் வேண்டும். ஊரில் ஓய்வுபெற்ற ஒருவர், ஒரு கல்லூரி மாணவர், யாரானாலும் சரி. பெற்றோர்களும் பதிவுக் கட்டணம் கட்டும் முன் பெஞ்சில் யார் யார் நிற்பார்கள் என்று கேட்கலாம். அவசரத் திட்டத்துக்கே மூன்று பேர் தேவை: காயம்பட்டவனிடம் நிற்பவர், ஆம்புலன்ஸை அழைப்பவர், வழியையும் கூட்டத்தையும் ஒழுங்குபடுத்துபவர். வெளியூர் அரங்கில் இறங்கியதும் இதயமீட்புக் கருவி எங்கே மாட்டியிருக்கிறது, ஆம்புலன்ஸ் எந்தக் கதவால் வரும், அந்தக் கதவின் சாவி யாரிடம் என்று நான் கேட்டுவிடுவேன். ஒன்ராறியோ லீக்கின் வின்ட்சர் அணித் தலைவன் மிக்கி ரெனோ 2008இல் 19 வயதில் பிறவி இதயக் கோளாறால் இறந்தான். ஐஸில் அல்ல, வீட்டில்.

பஸ் பயணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் புரோன்கோஸ் ஜூனியர் அணியின் பஸ் லொறியொன்றுடன் மோதியதில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அணியின் அத்லெட்டிக் தெரபிஸ்ட் டேனா பிரான்ஸ், வயது 24. எங்கள் தொழிலில் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் இல்லை. பஸ்ஸில் இருக்கைப் பட்டை போடச் சொல்வதும் இப்போது என் வேலைதான்.

ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ள நம் பிள்ளைகளில் யாருக்காவது இதில் ஆர்வம் இருந்தால், யோர்க் பல்கலைக்கழகத்திலும் ஷெரிடன் கல்லூரியிலும் அத்லெட்டிக் தெரபி படிக்கலாம். பிறகு தேசியச் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வு. சம்பளத்தைப் பற்றி அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சாணை பிடிக்கும் வேலை அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. உள்ளூர் அரங்கின் கடையில் பல வருடமாக அதைச் செய்துவரும் ஒருவரிடம் போய் நில்லுங்கள். கழித்துப்போட்ட ஸ்கேட்டுகளில் பழகுங்கள். இரு விளிம்புகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று அளவியை வைத்துப் பார்த்த பிறகே யாருடைய காலுக்கும் கொடுங்கள்.