ஹீட் சிங்க்: தொட்டியா, வடிகாலா?

கணினி வேலை நடுவே பட்டென்று அணைகிறது, விசிறி ஓயாமல் இரைகிறது என்றால் பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது செயலியின் (பிராசஸர் சில்லின்) தலைமேல் இருக்கும் ஹீட் சிங்க். மெல்லிய தகடுகள் நெருக்கமாக நிற்கும் அலுமினிய அல்லது செம்புக் கட்டி அது.

ஆங்கிலத்தில் சிங்க் என்ற வினைக்கு அமிழ்வது என்று பொருள். பெயர்ச்சொல்லாக, 15ஆம் நூற்றாண்டில் அது கழிவுநீர் போய் இறங்கும் குழியைக் குறித்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அந்தப் பெயர் அப்புறம்தான் வந்தது. ஹீட் சிங்க் என்பதில் இருப்பது பழைய பொருள்: வெப்பம் போய் இறங்கும் இடம்.

இதைத் தமிழில் 'வெப்பத் தொட்டி' என்றால் தேங்கி நிற்பது போலாகிவிடும். 'வெப்ப உறிஞ்சி' பரவாயில்லை, ஆனால் பாதி வேலையைத்தான் சொல்கிறது. உறிஞ்சியது எங்கே போகும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை கிலோ அலுமினியக் கட்டிக்குள் 100 வாட் வெப்பம் இறங்குகிறது, வெளியே போக வழியே இல்லை என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ நாலரை நொடிக்கு 1 பாகை செல்சியஸ் ஏறும். நான்கு நிமிடத்துக்குள் 50 பாகை ஏறிவிடும். வாங்கியதை உடனுக்குடன் காற்றுக்குக் கொடுத்தால்தான் செயலி பிழைக்கும். தகடு தகடாகப் பிரித்துச் செய்வதும் காற்று படும் பரப்பைக் கூட்டத்தான்.

ஆகவே என் தேர்வு 'வெப்ப வடிகால்'. வெள்ளம் வடிகிறது, வீக்கம்கூட வடிகிறது என்கிறோம். வடிதல் என்றால் மெல்ல இறங்கி வெளியேறுவது. வாய்க்காலில் வரும் அதே 'கால்'தான் இதிலும். பழந்தமிழில் கால் என்றால் காற்று என்றும் பொருள் உண்டு. சொல்லின் பிறப்புக்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்தப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

வடிகால் என்று சொல்லிப் பழகினால் கோளாறு எங்கே என்பதும் எளிதில் பிடிபடும். வடிகாலில் அடைப்பு எங்கெங்கே வரும்? விசிறியைக் கழற்றினால் தகடுகளின் வாயில் தூசி கம்பளித் துண்டு போலப் படிந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மென்மையான தூரிகையால் அதை எடுத்துவிடுங்கள். விசிறி கழற்றாமல் காற்றடித்தால் இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தூசி போயும் சூடு குறையவில்லையா? சரி, அடைப்பு வடிகாலின் தலைவாயில் இருக்கலாம். செயலிக்கும் கட்டிக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களில் காற்று நின்றுவிடும். செம்பு காற்றைவிட சுமார் 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால் அந்தச் சிறு இடைவெளியே பெரிய தடை. அதை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட் என்னும் வெப்பப் பசை. காய்ந்து பொடியாகிவிட்ட பழைய பசையைத் துடைத்துவிட்டு, புதிதாக ஒரு சிறு துளி வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் முதலில் இறுகினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும், அங்கே மறுபடியும் காற்று புகும்.