தொடாத நிரல் ஏன் உடைகிறது?

2020-இல் எழுதிய ஒரு ரியாக்ட் (வலைப்பக்கங்கள் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) ப்ராஜெக்டைப் புதிய கணினியில் இறக்கி, தேவையான பேக்கேஜ்களை நிறுவ 'என்பிஎம் இன்ஸ்டால்' கொடுத்தால், திரை முழுக்க எரர் கொட்ட வாய்ப்பு அதிகம். நிரலில் ஒரு வரியைக்கூட யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். மாறியதெல்லாம் சுற்றியிருப்பவை: ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட், அதோடு வரும் என்பிஎம், பைத்தான், சி++ கம்பைலர்.

கடைசியில் நிற்கும் எரர் அநேகமாக விளைவுதான். மேலே போய் முதல் எரரைப் பாருங்கள். அங்கே 'நோட்-ஜிப்' (பேக்கேஜ்களின் சி++ பகுதியைக் கம்பைல் செய்யும் கருவி) என்று தென்பட்டால், ஏதோ ஒரு பேக்கேஜ் உங்கள் கணினியிலேயே கம்பைல் ஆக, அதாவது கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற, முயன்று தோற்றிருக்கிறது. பழைய ப்ராஜெக்ட்களில் அடிக்கடி மாட்டுவது, சாஸ் மொழியில் எழுதிய ஸ்டைல்களைச் சிஎஸ்எஸ்ஸாக மாற்றும் நோட்-சாஸ். அதன் உள்ளே இருப்பது லிப்சாஸ் என்ற சி++ நூலகம். இன்ஸ்டால் ஆகும்போது, உங்கள் நோட்டுக்கென்று முன்பே கம்பைல் செய்துவைத்த பைனரி இருக்கிறதா என்று அது தேடும். பொருத்தம் பார்ப்பது மாட்யூல் வெர்ஷன் எண்ணை வைத்து: நோட் 14-க்கு 83, 16-க்கு 93, 18-க்கு 108, 20-க்கு 115. நோட்-சாஸ் 4.14-இடம் 83 வரைதான் உண்டு. அதற்கு மேல் போனால் நோட்-ஜிப் களத்தில் இறங்கும். பைத்தான் எங்கே, கம்பைலர் எங்கே என்று கேட்கும். பழைய நோட்-ஜிப்பாக இருந்தால் பைத்தான் 2.7-தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. அதைத் தேடிப்பிடித்து நிறுவுவது வீண் வேலை. நிறுவினாலும் புதிய நோட்டின் ஹெடர் ஃபைல்களோடு அந்தப் பழைய சி++ நிரல் ஒத்துப்போகாது.

நோட்-சாஸை நீக்கிவிட்டு 'சாஸ்' பேக்கேஜைப் போடுவதே தீர்வு. அது டார்ட் சாஸிலிருந்து ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்பட்டது, கம்பைலர் தேவையில்லை. வ்யூ (ரியாக்டைப் போன்ற இன்னொன்று) ப்ராஜெக்டில் '/டீப்/' செலக்டர் இருந்தால் மட்டும் அதை '::வி-டீப்' என்று மாற்ற வேண்டும். டார்ட் சாஸ் பழையதை ஏற்காது.

'ஈரிசால்வ்' எரர் வேறு ரகம். பியர் டிபெண்டன்சி, அதாவது ஒரு பேக்கேஜ் தன்னோடு இருக்க வேண்டும் என்று கேட்கும் இன்னொன்றின் வெர்ஷன், முரண்பட்டால் என்பிஎம் 6 எச்சரித்துவிட்டுத் தன் வேலையைத் தொடரும். 2020-இல் வந்த என்பிஎம் 7 நின்றுவிடும். பட்டன், மெனு போன்றவற்றைத் தரும் மெட்டீரியல் யுஐ 4, ரியாக்ட் 16 அல்லது 17 கேட்கும்; நீங்கள் 18 வைத்திருந்தால் முட்டிக்கொள்ளும். 'லெகசி பியர் டெப்ஸ்' ஃபிளாக் போட்டால் இன்ஸ்டால் முடியும், முரண்பாடு அப்படியே இருக்கும். யார் எதைக் கேட்கிறார்கள் என்பதை 'என்பிஎம் எக்ஸ்ப்ளெயின் ரியாக்ட்' காட்டும். அந்தப் பேக்கேஜையே உயர்த்துவதுதான் முறை.

இன்ஸ்டால் முடிந்து பில்டில் '0308010சி' என்ற எண் வந்தால் காரணம் நோட் பயன்படுத்தும் குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல். ப்ராஜெக்டின் ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் வெப்பேக் 4, அவற்றுக்கு ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) போட எம்டி4 முறையைப் பயன்படுத்துகிறது. 2021 அக்டோபரில் வந்த நோட் 17, ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறியது; அதில் எம்டி4 இயல்பாகக் கிடைக்காது. 'ஓப்பன்எஸ்எஸ்எல் லெகசி புரொவைடர்' ஆப்ஷன் அன்றைய ரிலீசைக் காப்பாற்றும், அவ்வளவுதான். வெப்பேக் 5.61 முதல் எம்டி4 வெப்பேக்கின் உள்ளேயே இருக்கிறது, அங்கே போய்விடுங்கள்.

எதற்கெடுத்தாலும் லாக் ஃபைலை (ஒவ்வொரு பேக்கேஜின் துல்லியமான வெர்ஷனைக் குறித்துவைக்கும் ஃபைல்) அழி என்பார்கள். பேக்கேஜ்கள் நிறுவப்படும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டரை அழிப்பதால் நஷ்டமில்லை. லாக் ஃபைலை அழித்தால், ^1.4.2 என்று இருப்பது 2.0.0-க்குக் கீழே உள்ள கடைசி வெர்ஷனுக்குத் தாவும், ^0.4.2 என்றால் 0.5.0-க்குக் கீழே. இப்படி நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் ஒரே நேரத்தில் நகர்ந்தபின் எது உடைத்தது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அதனால் முதலில், நோட் வெர்ஷன்களை மாற்றித்தரும் என்விஎம் மூலம் பழைய நோட்டைப் போட்டு, லாக் ஃபைலில் உள்ளபடியே நிறுவும் 'என்பிஎம் சிஐ' கொடுத்து, பில்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், அதே நோட்டில் சாஸ், பிறகு வெப்பேக்; ஒவ்வொன்றுக்கும் தனி கமிட். நோட்டை உயர்த்துவது கடைசியில். ஆப்பிள் எம்1 கணினியில் மட்டும் ஒரு சிக்கல்: நோட் 14-க்கு அந்தச் சிப்புக்கான அதிகாரபூர்வ பைனரி கிடையாது, 16-இலிருந்துதான் உண்டு. இன்டெல் நிரல்களை அந்தச் சிப்பில் ஓட்டும் ரொசெட்டாவில் திறந்த டெர்மினலில் 14-ஐ நிறுவுங்கள்.